கொத்து மட்டும் பொய்

போன வருடம் பிறந்தநாளுக்கு நண்பர் ஒருவர் ஆயிரம் துண்டு ஜிக்சா புதிர்ப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். மூடியில் முந்நூறு வருடத்துக்கு முந்தைய நெதர்லாந்து ஓவியர் ரேச்சல் ராய்ஷ் தீட்டிய பூ ஓவியம். அதுவரை இந்த வகை ஓவியங்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. பிஸ்கட் டப்பாவிலும் பல் டாக்டரின் காத்திருப்பு அறையிலும் பார்த்துப் பார்த்துச் சலித்த சங்கதி. அழகாகத்தான் இருக்கிறது, சரி, அதற்கென்ன என்று கடந்துவிடுவேன். சாப்பாட்டு மேசையில் பாதியை மூன்று வாரம் அந்த ஜிக்சாவுக்கு விட்டுக்கொடுத்த பிறகு கட்சி மாறிவிட்டேன்.

துண்டு துண்டாகப் பார்க்கும்போதுதான் அந்தப் பெண்மணி என்ன செய்திருக்கிறார் என்று புரிகிறது. கையில் ஒரு வெளிறிய இதழ் வரும். எந்தப் பூவுடையது என்று அரைமணி நேரம் தேடுவேன். கடைசியில் பார்த்தால் அது முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கும் பூ; இதழில் தெரிந்த பச்சைக் கோடு அதன் காம்பு. ராய்ஷின் பூக்கள் நம்மைப் பார்த்துப் போஸ் கொடுப்பதில்லை. சில திரும்பி நிற்கின்றன, சில தலை கனத்துத் தொங்குகின்றன, சில பாதி இருட்டுக்குள் போய்விட்டன. மொத்தக் கொத்தும் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்ந்து ஓடுகிறது. அந்தச் சாய்வு அவருடைய குருவிடமிருந்து வந்தது. 1679இல், 15 வயதில், ஆம்ஸ்டர்டாமில் வில்லெம் வான் ஆல்ஸ்ட்டிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். அதற்கு இரண்டு தலைமுறை முந்தைய அம்ப்ரோசியஸ் போஸ்கார்ட்டின் ஓவியங்களைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அதில் எல்லாப் பூவும் பள்ளிக்கூட குரூப் போட்டோ மாதிரி முகம் காட்டி நிற்கும். (அதுவும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது வேறு பிடித்தம்.)

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். ஜாடியின் கழுத்து. துண்டுகளைப் பொருத்திக்கொண்டு வரும்போது ஒரு கட்டத்தில் கணக்கு இடிக்கிறது. மேலே இத்தனை பூ இருக்கிறதே, இத்தனை காம்பும் இந்தச் சின்னக் கழுத்துக்குள் எப்படிப் போகும்? போகாது. அதோடு டூலிப் வசந்தத்தில் பூப்பது. ரோஜாவும் பியோனியும் அதற்குப் பிந்தியவை. கோடை முற்றித்தான் வரும் பூக்களும் அதே ஜாடியில் இருக்கின்றன. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம். இப்படி ஒரு கொத்து எந்த வீட்டிலும் எந்த நாளிலும் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

அப்படியானால் மனதுக்குத் தோன்றியதைத் தீட்டினார்களா? அதுவும் இல்லை. அடுத்த தலைமுறையின் யான் வான் ஹாய்சம் 1742இல் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. ஓவியம் ஏன் தாமதம் என்று அதில் காரணம் சொல்கிறார்: மஞ்சள் ரோஜா கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் முடித்திருப்பேன் என்று. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் அவருடைய பூ ஓவியம் ஒன்றில் 1736, 1737 என்று இரண்டு வருடம் போட்டிருக்கிறது. ஒரு பூ கிடைக்கவில்லையென்றால் அடுத்த பருவம்வரை பொறுத்திருக்கிற ஆள். பொய்யான கொத்தில் ஒரே ஒரு பூகூடப் பொய்யாக இருக்கக் கூடாது என்ற இந்தப் பிடிவாதத்தில்தான் நான் விழுந்தேன். ஒவ்வொரு பூவும் நிஜம், கொத்து மட்டும் பொய்.

இந்த ஓவியங்களைப் பற்றிப் பேசினால் உடனே ஒருவர் வந்து, 'இதெல்லாம் வாழ்க்கை நிலையாமைக்கான குறியீடு, அந்த வாடிய இதழ் மரணம், அந்த ஈ அழிவு' என்று ஆரம்பித்துவிடுவார். தப்பு என்று சொல்லவில்லை. மண்டையோடும் மணல் கடிகாரமும் வைத்து அப்படியே போதித்த ஓவியங்கள் அந்த நாட்டில் ஏராளம். ஆனால் நிலையாமையைச் சொல்ல ஒரு வாடிய இதழ் போதும். ஒரு கம்பளிப்பூச்சியின் ஒவ்வொரு மயிரையும் தனித்தனியாகத் தீட்ட வேண்டிய அவசியம் என்ன? ஃபிளாரன்சில் இருக்கும் ராய்ஷின் 1711 ஓவியத்தில், பழங்களுக்கு நடுவே ஒரு பல்லி பறவைக் கூட்டிலிருந்து முட்டையைத் தின்றுகொண்டிருக்கிறது. இதைத் தீட்டியவருக்குப் போதிப்பதைவிட வேடிக்கை பார்ப்பதில் ஆசை அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ராய்ஷ் வளர்ந்த வீடு அப்படி. அப்பா ஃபிரெடெரிக் ராய்ஷ் பெயர்பெற்ற உடற்கூறு நிபுணர், ஆம்ஸ்டர்டாமில் தாவரவியல் பேராசிரியரும்கூட. சடலங்கள் கெடாமல் பதப்படுத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இறந்த சிசுக்களுக்கு லேஸ் துணி அணிவித்து, பக்கத்தில் பூவும் சிப்பியும் வைத்துக் காட்சிப்படுத்தினார். பார்த்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசையும். 1717இல் ரஷ்ய மன்னர் மகா பீட்டர் அந்தத் தொகுப்பை 30,000 கில்டர் (அந்த நாட்டு நாணயம்) கொடுத்து வாங்கிப்போனார். இப்படிச் சாவைப் பதப்படுத்தி வைத்திருந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு நிலையாமையைப் பற்றி வாடிய இதழா பாடம் எடுக்க வேண்டும்?

டூலிப்பைச் சொல்லாமல் விட முடியாது. வெள்ளையில் சிவப்புத் தீ படர்ந்த மாதிரி கோடு போட்ட டூலிப்கள் இந்த ஓவியங்களின் நட்சத்திரங்கள். 1637 பிப்ரவரியில் விலை சரிந்து விழும்வரை அந்தக் கிழங்குகளுக்கு அடித்துக்கொண்டார்கள். அந்தக் கோடுகள் அசுவினிப் பூச்சி பரப்பும் ஒரு வைரஸ் நோய் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது. அத்தனை பணமும் நோயாளிச் செடிக்கு!

இன்னொன்று. இந்த ஓவியங்கள் சிலவற்றில் இலைகள் நீலமாக இருக்கும். முதலில் அதை ஓவியரின் ரசனை என்று நினைத்தேன். நீலத்தோடு மஞ்சள் சாயம் சேர்த்துப் பச்சை உண்டாக்கினார்களாம். செடியிலிருந்து எடுத்த அந்த மஞ்சள், வெளிச்சம் பட்டுப்பட்டு வெளுத்துப்போக, நீலம் மட்டும் தங்கிவிட்டது. வாடாத பூவைத் தீட்டி வைத்தார்கள், இலை வாடிவிட்டது.

கலை உலகின் வரிசையில் இந்த வகைக்குக் கடைசி இடம்தான் கொடுத்தார்கள். முதலிடம் புராண, வரலாற்று ஓவியத்துக்கு. அதற்கு நிர்வாண மாடலைப் பார்த்து உடலை வரையக் கற்றிருக்க வேண்டும், பெண்களை அந்த அறைக்குள் விடமாட்டார்கள். அப்புறம் 'பெண்கள் பூதான் வரைவார்கள்' என்று பேச்சு. ராய்ஷ் 1701இல் ஹேக் நகர ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார், 1708இல் ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃப் அரசவை ஓவியரானார். நடுவில் பத்துப் பிள்ளைகள். எப்படி நேரம் கிடைத்தது என்று யாராவது சொன்னால் தேவலை.

1723இல் குடும்பத்துக்கு லாட்டரியில் 75,000 கில்டர் விழுந்தது. அப்பா தன் வாழ்நாள் சேகரிப்பை விற்ற விலையைவிட இரண்டு மடங்குக்கு மேல். பணத்துக்காகத்தான் என்றால் அதோடு தூரிகையைக் கழுவி வைத்திருக்கலாம். ராய்ஷ் 83 வயதிலும் பூ தீட்டிக்கொண்டிருந்தார். கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் வயதையும் எழுதிவைத்தார். நானாக இருந்தால் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பேன்.