சிட்டையின் கடைசி வரி

நேற்று எங்கள் தெருவில் பூ வாங்கும்போது ஒரு பேச்சு. முழம் அறுபதா என்று பக்கத்து வீட்டு அக்கா மலைக்க, பூக்காரம்மா "வரத்து இல்லக்கா" என்றபடி கையை நீட்டி அளந்தார். கூட நின்ற ஒருவர் ஆரம்பித்துவிட்டார்: விவசாயிக்கு ஒன்றும் போவதில்லை, எல்லாம் இடைத்தரகன் அடிக்கும் கொள்ளை, அவனை ஒழித்தால் எல்லாம் சரியாகும்.

படிப்பு முடித்து வேலை கிடைக்காத இரண்டு வருடம், மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில், அதாவது அந்த இடைத்தரகர் கடைகளில் ஒன்றில், கணக்கு எழுதியவன் நான். அதனால் இந்தப் பேச்சைக் கேட்டால் கொஞ்சம் கோபம் வரும்.

மல்லிகை மொட்டாக இருக்கும்வரைதான் காசு. விடியும் முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பறிக்கிறார்கள். சாயங்காலம் அது விரிந்துவிடும். அதற்குள் தோட்டத்திலிருந்து வண்டியேறி, கடையில் எடை போட்டு, வியாபாரி கைக்குப் போய், பூக்காரம்மா மடியில் சரமாகி, யாரோ ஒருவர் தலைக்குப் போயாக வேண்டும். பூக்காரம்மா காலையில் கடனுக்கு எடுத்துப்போய் விற்றுவிட்டு, மறுநாள்தான் பணம் தருவார். சில நாள் தரமாட்டார். விவசாயிக்கோ வாரக் கணக்கு முடித்தாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பணத்தைப் போட்டு நிற்பது கமிஷன் கடைக்காரர்தான். அவர் சும்மா உட்கார்ந்து தின்கிறார் என்பது அநியாயம்.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் மதுரை அண்ணாநகரில்தான் திறக்கப்பட்டது. தரகர் இல்லாமல் விவசாயியே நேராக விற்கும் நல்ல ஏற்பாடு. விவசாயிக்கு அடையாள அட்டை உண்டு, கடை வாடகை கிடையாது. மொத்த விலையைவிடக் கூட்டி, சில்லறை விலையைவிடக் குறைத்து அன்றாடம் விலை எழுதிப் போடுகிறார்கள். கீரைக்கும் கத்திரிக்காய்க்கும் அது பொருந்தும். வாங்கிப்போய் அப்படியே சட்டியில் போடலாம். மல்லிக்குக் கட்டுகிற கை வேண்டுமே. உதிரியாக வாங்கி வீட்டில் கட்டியது எங்கள் அப்பத்தா காலம்.

(அந்தக் கையின் கணக்கே தனி. பூ விலை ஏறுகிற நாளில் முழத்தின் விலை அதே வேகத்தில் ஏறாது. பூவுக்கும் பூவுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஏறும். தள்ளித் தள்ளிக் கட்டினால் யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?)

சரி, அப்படியென்றால் தப்பே இல்லையா? இருக்கிறது. அது விவசாயிக்குக் கடையில் எழுதிக் கொடுக்கும் கணக்குச் சீட்டின், அதாவது சிட்டையின், கடைசி வரியில் இருக்கிறது. மேலே எடை, விலை. அதற்குக் கீழே கமிஷன், எங்கள் கடையில் நூற்றுக்குப் பத்து. அப்புறம் வண்டிக்கூலி. கடைசியில் 'முன்பணத்தில் வரவு', அதாவது விவசாயி கடையில் முன்பே வாங்கிய பணத்துக்கான பிடித்தம். முன்பணத்துக்கு வட்டி இல்லை என்பார் முதலாளி. உண்மைதான், வட்டி என்று நான் ஒரு நாளும் எழுதியதில்லை. ஆனால் வியாபாரி கிலோ 700 ரூபாய்க்கு எடுத்துப்போன பூவுக்கு, முன்பணம் வாங்கியவர் சிட்டையில் 650 என்று எழுதச் சொன்ன நாட்கள் உண்டு. எழுதினேன். முன்பணம் வாங்காதவருக்கு 700 என்றே எழுதினேன். எல்லாக் கடையும் அப்படி இல்லை. நான் இருந்த கடை அப்படி.

செக்கானூரணிப் பக்கம் மாமாவுக்கு அரை ஏக்கர் மல்லி. வேறு கடைக்குக் கொண்டுபோனால் என்ன என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன்.

"கார்த்திகையில கவாத்து பண்ணி, உரம் வைக்கிறப்ப கையில காசு குடுக்கிறது யாரு மாப்ள?"

கவாத்து என்றால் கிளைகளை வெட்டிவிடுவது. அதற்குப் பின் செடி தளிர்த்து மொட்டு வைக்கும்வரை வருமானம் கிடையாது. கிலோ ஆயிரக்கணக்கில் போகிற தை மாதத்தில் அவர் செடியில் பூவே இருக்காது. கோடையில் கூடை கூடையாகப் பூக்கும். அப்போது விலை விழுந்து, பறிகூலிக்கே கட்டாமல் சென்ட் ஃபேக்டரிக்குப் போகும். 2013ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான், ஆனால் சிட்டையில் அதற்கென்று ஒரு வரி இன்னும் வரவில்லை.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் உண்டு, தவணைக்குள் கட்டினால் வட்டியும் கிடையாது. ஆனால் சங்கத்தில் பட்டா கேட்பார்கள். மாமாவின் பட்டா இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கிறது. கமிஷன் கடையில் முகத்தைப் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள், ஒரு காகிதமும் கேட்க மாட்டார்கள். அந்த ஒரு வசதிக்காக மாமா கிலோவுக்கு ஐம்பது ரூபாயைப் பல வருடமாக விட்டுக்கொண்டிருக்கிறார். தரகரை ஒழி என்று தெருவில் பேசுகிறவர்கள், கார்த்திகை மாதத்துப் பணத்துக்கு என்ன வழி என்று முதலில் சொல்லட்டும்.

மாமாவுக்குத் தம்பிகள் மூன்று பேர். அவர்கள் சம்மதித்தால் பாகம் பிரித்துப் பட்டா மாற்றலாம். இரண்டு பேர் சரி என்றுவிட்டார்கள். மூன்றாமவர் திருப்பூரில் இருக்கிறார், பொங்கலுக்கு வருகிறாராம்.