திரைக்குப் பின்னால் சிரிப்பதும் தப்பா?

சனிக்கிழமை அண்ணன் பேசியதைக் கேட்டவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். "காசு கொடுத்து வந்த பயணியைக் கேலி பண்ற நாடகம். இதையெல்லாம் ரசிக்கிறவங்களுக்கு வேலையில மரியாதை இல்லைன்னு அர்த்தம்." சபையில் அத்தனை பேர் முன்னால், விமானப் பணிப்பெண்ணாக இருந்த என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மூன்று நாளாகத் தூக்கம் வரவில்லை.

அவர் சொன்ன 'கேபின் பிரஷர்', ஒரு சின்ன விமானக் கம்பெனியைப் பற்றிய நகைச்சுவை வானொலி நாடகம். பிபிசி ரேடியோ 4-இல் 2008-இல் தொடங்கி 2014-இல் முடிந்தது. மொத்தம் 27 அத்தியாயம். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர்ப் பெயர், அபுதாபியில் ஆரம்பித்து சூரிச் வரை ஆங்கில அகர வரிசையில். விவாகரத்தில் கிடைத்த ஒரே ஒரு விமானத்தை வைத்துக் கம்பெனி நடத்தும் கரோலின். பணியாளாக அவர் மகன் ஆர்தர். சம்பளமே வாங்காமல் விமானம் ஓட்டிவிட்டு, வயிற்றுப் பிழைப்புக்கு அப்பா விட்டுப்போன வேனில் சாமான் ஏற்றி இறக்கும் கேப்டன் மார்ட்டின். அவருக்குத் துணை விமானி டக்ளஸ். இவர்களையா அண்ணன் திமிர் பிடித்தவர்கள் என்கிறார்? அந்த நாடகத்தில் அதிகம் அடிபடுவது பயணி இல்லை. வாய் திறந்து பதில் சொல்ல முடியாத இந்த நாலு பேர்தான்.

பாஸ்டன் அத்தியாயத்தில் ஒரு பயணி விமானத்துக்குள் விடாமல் சிகரெட் பிடிக்கிறார். சொன்னால் கேட்பதில்லை. அதைக் கேட்டு நான் சிரித்தது அந்த மனிதரைப் பார்த்து இல்லை. அவரிடம் மறுபடி மறுபடி போய் நிற்க வேண்டியிருக்கிறதே, அந்த நிலைமையைப் பார்த்து. அந்த நிலைமையில் நான் நாலு வருடம் நின்றிருக்கிறேன்.

ஒரு நாள் அவசர வழி வரிசையில் ஒருவர் லேப்டாப் பையைக் காலடியில் வைத்திருந்தார். "சார், மேல வச்சிடலாமா" என்று நான்கு முறை கேட்டேன். விரலைச் சொடுக்கி, "நீ டீ ஊத்துற வேலையைப் பாரு" என்றார். விமானத்துக்குச் சான்றிதழ் தரும்போதே, பாதி வாசல்களை மட்டும் வைத்து 90 வினாடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டியாக வேண்டும். அவர் பையின் வார் ஒருவர் காலில் சிக்கினால் பின்னால் இருப்பவர்கள் கதி? அதைச் சொல்லிச் சண்டை போடவில்லை. பையை நானே எடுத்து மேலே வைத்துவிட்டுச் சிரித்தேன்.

பேன்ட்ரிக்குள் வந்து திரையை இழுத்ததும் சீனியர் அக்கா ஒரு தண்ணீர் பாட்டிலைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு அவரைப் போலவே விரலைச் சொடுக்கிக் காட்டினார். டிராலியைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தேன். பாதியில் அது அழுகையாகிவிட்டது. அதற்குள் அழைப்பு மணி. கலைந்திருந்த என் கண்மையை அக்கா டிஷ்யூ நுனியால் ஒற்றி எடுத்து, "போ" என்றார். அந்த அரை நிமிடம் இல்லையென்றால் அன்றைக்கு நான் மறுபடி அந்த வரிசைக்குப் போயிருக்க மாட்டேன்.

இதைத்தான் அண்ணன் மரியாதைக் குறைவு என்கிறார்.

வானொலியில் முகம் தெரியாது. அதனால்தான் அந்த நாடகம் இவ்வளவு பொருத்தம். மைக்கில் பேசும் பவ்வியமான குரலும் கேட்கும், காக்பிட் கதவுக்குப் பின்னால் விமானிகள் வார்த்தை விளையாட்டு ஆடும் குரலும் கேட்கும். அந்த இரண்டு குரலுக்கும் நடுவில் ஒரு மனுஷி இருக்கிறாள் என்று யாராவது யோசித்திருக்கிறார்களா?

"காசு கொடுத்தவருக்கு மரியாதை வேண்டாமா?" வேண்டும். கொடுத்தோம். டிக்கெட்டில் சீட்டு உண்டு, சாப்பாடு உண்டு. என் முகத்துக்கு முன்னால் விரல் சொடுக்கும் உரிமை அதில் இல்லை. "துணை விமானி டக்ளஸ் பயணிக்காக வைத்திருக்கும் விஸ்கியைத் திருடுகிறானே?" ஆமாம், எடின்பரோ அத்தியாயத்தில் திருடுகிறான், தப்புதான். அதற்காக வாய்மூடி நின்ற எல்லோரும் குற்றவாளியா? "வெள்ளைக்காரன் நாடகத்துக்கு இவ்வளவு உருக்கமா?" என்பவருக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை.

ஐம்பது இருக்கைக்கு ஒரு பணியாளர் கட்டாயம் என்பது டீ ஊற்றுவதற்காக வந்த விதி இல்லை அண்ணா. நீங்கள் மாதம் இரண்டு முறை பறக்கிறீர்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கழுத்தில் மாட்டிக்காட்டும் பெண்ணை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்திருக்கிறீர்களா? நான் வேலையை விட்ட வருடம், "நல்லதாப் போச்சு, அது என்ன பெரிய வேலை" என்றீர்கள். அதையும் நான் மறக்கவில்லை. அன்றும் பதில் பேசவில்லை.

சனிக்கிழமையும் நீங்கள் சொல்லி முடித்ததும் நான் சிரித்தேன், கவனித்தீர்களா? நாலு வருடப் பழக்கம், முகம் தானாகச் செய்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். விரலைச் சொடுக்கிக் காட்ட அங்கே அக்கா இல்லை.