மெக்சிகாலி: சுவரை விடுங்கள், வாய்க்காலைப் பாருங்கள்

அமெரிக்க-மெக்சிகோ எல்லை என்றாலே நம் டைம்லைனில் சுவரைப் பற்றித்தான் சண்டை. மெக்சிகாலி நகராட்சியின் கதையைக் கொஞ்சம் படித்தால் போதும், சுவர் இரண்டாம் பட்சம் ஆகிவிடும். அந்த ஊரை உண்டாக்கியது தண்ணீர். இன்றுவரை அதன் குடுமியைப் பிடித்து ஆட்டுவதும் தண்ணீர்தான்.

பாஹா கலிபோர்னியா மாநிலத்தின் தலைநகர் அது. சொனோரா பாலைவனம், ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் சராசரியாக 75 மில்லிமீட்டர்தான் மழை. 1995 ஜூலையில் வெயில் 52 டிகிரியைத் தொட்டது. இதைவிட விசித்திரம் நிலத்தின் சரிவு. அமெரிக்காவிலிருந்து இறங்கி வரும் கொலராடோ ஆறு காலங்காலமாகக் கொட்டிய வண்டல் தெற்கே மேடு தட்டி நிற்கிறது. அதனால் இங்கே நிலம் கடலைப் பார்த்துச் சரியாமல், வடக்கே அமெரிக்கப் பக்கம் சரிகிறது. மெக்சிகாலியின் கழிவைச் சுமந்துகொண்டு நியூ ரிவர் எல்லை தாண்டி ஓடுவதும், அமெரிக்கர்கள் பல காலமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு புகார் சொல்வதும் இதனால்தான்.

1901இல் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்குக்கு ஆற்றுநீர் கொண்டுபோக நினைத்தவர்களுக்கு நேர்வழியில் மணற்குன்றுகள் குறுக்கே நின்றன. ஆகவே வாய்க்காலை மெக்சிகோவுக்குள் இறக்கிச் சுற்றி எடுத்துப்போனார்கள். அந்த வாய்க்காலை நம்பி 1903இல் பிறந்த ஊர் இது. வாய்க்கால் வண்டலால் அடைபட்டதும், சரியான மதகுகூடப் போடாமல் ஆற்றங்கரையை வெட்டிவிட்டார்கள். 1905இல் வெள்ளம் வந்தது, ஆறே திசை மாறியது. 1907 தொடக்கத்தில் உடைப்பை அடைப்பதற்குள் அமெரிக்கப் பக்கம் சால்டன் ஏரி உருவாகிவிட்டது, மெக்சிகாலியில் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டது.

நிலம் யாருடையது என்பது தனிக் கூத்து. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகையின் அதிபர் ஓட்டிஸும் அவர் மருமகன் ஹாரி சாண்ட்லரும் பங்காளிகளாக இருந்த கொலராடோ ரிவர் லேண்ட் கம்பெனியிடம் 8 லட்சம் ஏக்கருக்கும் மேல். அதைக் குத்தகைக்கு எடுத்துப் பருத்தி விளைவித்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். அமெரிக்கா 1882லேயே அவர்களுக்குக் கதவடைத்திருந்தது. வெயிலுக்குப் பயந்து அவர்கள் பயன்படுத்திய நிலவறைகள் லா சினெஸ்கா என்ற சீனர் பேட்டையில் இன்றும் இருக்கின்றன. 1937 ஜனவரி 27 அன்று மெக்சிகோ விவசாயிகள் கம்பெனி நிலத்தில் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். அதிபர் லாசரோ கார்டெனாஸ் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்.

நிலம் கைக்கு வந்தது சரி, தண்ணீர்?

இரு நாடுகளும் போட்ட 1944 ஒப்பந்தப்படி அமெரிக்கா கொலராடோ ஆற்றிலிருந்து மெக்சிகோவுக்கு ஆண்டுக்கு 185 கோடி கன மீட்டர் தர வேண்டும். நம் கணக்கில் சுமார் 65 டி.எம்.சி. அளவைத் தெளிவாக எழுதினார்கள், தரத்தைத் தெளிவாக எழுதவில்லை. 1961இல் அரிசோனாவின் வெல்டன்-மொஹாக் பாசனப் பகுதி தன் உப்பு வடிகால் நீரை ஆற்றில் இறைக்கத் தொடங்கியது. மெக்சிகாலி வயல்களில் உப்புப் பூத்தது. ஒப்பந்த அளவு வந்துகொண்டுதான் இருந்தது! இதற்கு உடன்பாடு காண 1973 ஆகிவிட்டது.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் அடுத்த சங்கதியில். 1940களில் அமெரிக்கா தன் மண்ணிலேயே ஆல்-அமெரிக்கன் கால்வாயை ஓட்டியது. மண் கால்வாய், எல்லையை ஒட்டியே போகிறது. அதிலிருந்து கசிந்த நீர் மெக்சிகாலி பக்கத்துக் கிணறுகளில் ஊறியது. இரண்டு தலைமுறை அதை வைத்தே பயிர் செய்தது. அமெரிக்கக் கணக்கில் அது வீண். 23 மைலுக்குக் கான்கிரீட் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 3 டி.எம்.சி. மிச்சம் என்றார்கள். மெக்சிகாலிக்காரர்கள் அமெரிக்க நீதிமன்றத்துக்கே போய் 2006 ஆகஸ்டில் தடை வாங்கினார்கள். அதே டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ், ஒரு வரிச் சலுகைச் சட்டத்துக்குள் இந்தக் கால்வாய் வேலையைத் தாமதமின்றி முடிக்க வேண்டும் என்ற பிரிவைச் செருகியது. வழக்கு செத்தது, கான்கிரீட் ஏறியது. சட்டப்படி எல்லாம் சரி என்பவர்களோடு எனக்கு வாதம் இல்லை. அறுபது ஆண்டு ஊறிய கிணற்றுக்குச் சட்டத்தில் இடமில்லை என்றால் அது யார் எழுதிய சட்டம் என்றுதான் கேட்கிறேன்.

மெக்சிகோ மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. இதே மெக்சிகாலி பள்ளத்தாக்கின் நீரைத்தான் ஆயிரம் மீட்டருக்கும் மேல் மலையேற்றி, மேற்கே கடலோரத்தில் இருக்கும் டிஹுவானா நகருக்கு அனுப்புகிறார்கள். உள்ளூர் அரசு இது போதாதென்று கான்ஸ்டலேஷன் பிராண்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பியர் ஆலையை வரவேற்றது. ஏற்றுமதிக்கு பியர், அதற்கு வறண்ட பள்ளத்தாக்கின் தண்ணீர். மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2020 மார்ச்சில் மத்திய அரசு நடத்திய வாக்கெடுப்பில் 76 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், பாதி எழும்பிய ஆலை நின்றது. வாக்களித்தவர்கள் 37 ஆயிரம்கூட இல்லையே என்று தொழில் சங்கங்கள் குதித்தன. குறைவுதான். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீரை 1901இலோ 1944இலோ 2006இலோ பங்கு போட்டபோது, அங்கே பயிர் செய்தவர்களில் ஒருவரைக்கூடக் கூப்பிட்டு யாரும் வாக்குக் கேட்கவில்லை.