சராசரி ஏறியது சரி, இடைவெளி என்ன ஆனது?

இலவச மருத்துவப் பரிசோதனைத் திட்டம் பற்றிய அந்த அறிக்கையை மூன்று நாளாக ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். "பரிசோதனைக்கு வருவோர் கூடிவிட்டார்கள், ஆகவே ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டது." முதல் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். அந்த "ஆகவே" எங்கிருந்து வந்தது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வசதியானவர்களில் 100க்கு 80 பேர் வந்துகொண்டிருந்தார்கள், ஏழைகளில் 40 பேர். திட்டத்துக்குப் பிறகு 95, 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே ஏறியிருக்கிறது, சராசரியும் ஏறும். வகுத்துப் பார்த்தால் 2 மடங்கு 1.9 ஆகிவிட்டது, ஏற்றத்தாழ்வு குறைந்திருக்கிறது. கழித்துப் பார்த்தால் 40 புள்ளி இடைவெளி 45 ஆகிவிட்டது, கூடியிருக்கிறது. வராதவர்களை எண்ணினால்? முன்பு ஏழைகளில் 60 பேர், வசதியானவர்களில் 20 பேர், அதாவது 3 மடங்கு. இப்போது ஏழைகளில் 50 பேர், வசதியானவர்களில் 5 பேர், அதாவது 10 மடங்கு! ஒரே எண்கள், மூன்று தீர்ப்பு. அதனால்தான் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள் என்று தொண்டை வறளக் கத்துகிறோம். அந்த அறிக்கையில் ஒன்றுகூட இல்லை. மொத்தச் சராசரி மட்டும்தான்.

சராசரி ஏறியதே சாதனை இல்லையா என்பீர்கள். சாதனைதான். ஆனால் கேட்ட கேள்வி அது இல்லையே.

"கொஞ்சம் பொறுங்கள், போகப்போகச் சரியாகிவிடும்" என்பவர்களுக்கு: வேல்ஸில் குடும்ப மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971லேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதிவிட்டார், தேவை அதிகமுள்ள இடத்தில்தான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்று. 2000ல் பிரேசில் ஆய்வாளர் செசார் விக்டோராவும் உடன் ஆய்வாளர்களும் இன்னொன்றைச் சொன்னார்கள். புதிய சேவை முதலில் வசதியானவர்களைத்தான் சென்றடைகிறது, அதனால் இடைவெளி முதலில் விரிகிறது. அவர்கள் இனி ஏற இடமில்லாத உயரத்தைத் தொட்ட பிறகுதான் சுருங்கத் தொடங்குகிறது. அதுவரை பொறுத்திருக்க உடம்பு இடம்கொடுக்க வேண்டுமே? பொறுக்கச் சொல்வது யாரை?

ஏழை, வசதியானவர் என்று பிரித்துப் பார்க்கத் தரவு இல்லையாம். பதிவுப் படிவத்திலேயே கல்வி, தொழில், வசிக்கும் பகுதி என்று மூன்று கட்டம் சேர்த்தால் போதும். எண்ணிக்கை சிறிதாக இருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடலாம். உலகச் சுகாதார நிறுவனம் இப்படிப் பிரிவுவாரியாக ஏற்றத்தாழ்வைக் கணக்கிடவே ஹீட் (HEAT) என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மருத்துவமனைப் பதிவேட்டில் வந்தவர்கள்தான் இருப்பார்கள். வராதவர்களையும் சேர்த்த மொத்தம் மக்கள்தொகைக் கணக்கிலிருந்தோ வீட்டுக் கணக்கெடுப்பிலிருந்தோ வர வேண்டும். அதை விட்டுவிட்டால் கணக்கே பொய்.

"அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று நேற்று ஒருவர் எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பரிசோதனை இலவசம். ஆனால் வேலை நாளில் காலையில் மட்டும். முடிவு வாங்க இன்னொரு நாள். தினக்கூலிக்காரருக்கு அது இரண்டு நாள் சம்பளம். மாதச் சம்பளக்காரர் இரண்டு அரை நாள் விடுப்பில் முடித்துவிடுவார். இதில் விழிப்புணர்வு எங்கே வந்தது? அழைப்பு கிடைத்தது, வந்தார், முடிவு கைக்கு வந்தது, சிகிச்சை தொடங்கியது. இந்த நான்கு படியிலும் எந்தப் பிரிவில் எத்தனை பேர் உதிர்ந்தார்கள் என்று எண்ணுங்கள். எந்தப் படியில் உதிர்கிறார்களோ அங்கேதான் திட்டம் ஓட்டையாக இருக்கிறது. ஓட்டையைத் திட்டத்தில் வைத்துக்கொண்டு பழியை ஏழையின் தலையில் போடாதீர்கள், கேட்கவே வலிக்கிறது.

இதே அறிக்கையை வைத்துத்தான் அடுத்த கட்டத்துக்குப் பணம் ஒதுக்கப்போகிறார்களாம். அதற்கு முன்னால் அந்த நான்கு படிக்கும் பிரிவுவாரி எண்களை வெளியிடுங்கள். ஒரே ஒரு பக்க அட்டவணை போதும்.