லெக்ரே பின்வாங்கிப்போனவரா?

எங்கள் வாலிபர் கூட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு தம்பி, அமெரிக்கக் கிறிஸ்தவ ராப் பாடகர் லெக்ரேயின் பாட்டு ஒன்றைப் பகிர்ந்தான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு அண்ணன் எழுதிவிட்டார்: "2008 வரைக்கும் கேட்கலாம் தம்பி. அப்புறம் ஆள் விசுவாசத்துலேர்ந்து பின்வாங்கிப்போயிட்டார்." நான் அங்கே பதில் போடவில்லை. பெரியவர்கள் இருக்கிற குழு. ராப் சண்டை போட்டு, அவர்கள் அனுப்பிய காலை வசனத்தை மேலே தள்ளிவிட வேண்டாமே என்று இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் சொன்னதற்கு நேர் எதிர் என் எண்ணம். 2008க்குப் பிறகுதான் அந்த மனிதர் கலைஞரானார்.

லெக்ரே மூர் 1979இல் ஹூஸ்டனில் பிறந்தவர். அப்பா போதையில் தொலைந்துபோக, அம்மா தனியாக வளர்த்தார். வேதாகமத்தின் பக்கங்களைக் கிழித்தெறிந்த பையன். பத்தொன்பது வயது வாக்கில் அட்லாண்டாவில் நடந்த ஒரு கிறிஸ்தவ மாநாட்டில் மனந்திரும்பினார். குற்றம் செய்த சிறுவர்களை அடைத்துவைக்கும் இல்லம் ஒன்றில் தன்னார்வத் தொண்டுக்குப் போய், அங்கே ராப் பாடிக் காட்டினார். அந்தப் பையன்கள் கேட்ட விதம்தான் அவரைத் தொடர்ந்து பாட வைத்தது. 2004இல் பென் வாஷர் என்பவரோடு சேர்ந்து 'ரீச் ரெக்கார்ட்ஸ்' ஆரம்பித்து, முதல் ஆல்பம் 'ரியல் டாக்' போட்டார். கூட்டாளிகளோடு சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர் 116. ரோமர் 1:16: "கிறிஸ்துவின் சுவிசேஷத்தைக்குறித்து நான் வெட்கப்படேன்."

இப்போது அந்த முதல் ஆல்பங்களைக் கேட்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது. ஒரு வரியில் நான்கு உபதேசத்தைத் திணிப்பார். பீட் (பாட்டின் தாள இசை) என்பது பிரசங்கத்தை ஏற்றிச் செல்லும் வண்டி, அவ்வளவுதான். வண்டி எப்படி ஓடுகிறது என்று யாரும் கவலைப்படவில்லை. 2008இல் வந்த 'ரெபெல்' அமெரிக்காவின் பில்போர்ட் இதழ் போடுகிற காஸ்பல் (கிறிஸ்தவ இசை) பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஒரு ராப் ஆல்பம் அந்த இடத்துக்குப் போனது அதுவே முதல் முறை. அமெரிக்கப் போதகர் ஜான் பைப்பரின் எழுத்தைப் படிக்கிற வெள்ளைக்காரப் பையன்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். நல்ல ஆல்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் பாவம் எப்போதும் இறந்தகாலத்திலேயே இருக்கும். அன்று குடித்தேன், அன்று திரிந்தேன், இன்று ரட்சிக்கப்பட்டேன். நம் சபைகளில் புத்தாண்டு ஆராதனையில் சாட்சி சொல்பவர்களும் இப்படித்தானே சொல்வார்கள்? முடிவு முன்பே தெரிந்த கதை.

லெக்ரேயின் வளர்ச்சி என்று நான் சொல்வது, அந்தப் பாவமும் சந்தேகமும் மெல்ல நிகழ்காலத்துக்கு வந்ததைத்தான்.

2012இல் 'சர்ச் க்ளோத்ஸ்' என்ற மிக்ஸ்டேப்பை (ஆல்பம் போன்ற பாட்டுத் தொகுப்பு) இலவசமாக விட்டார். அதைத் தொகுத்து வழங்கியவர் டான் கேனன், சபைக்கு வெளியே ராப் உலகில் பெயர் உள்ள டிஜே. இரண்டே நாளில் ஒரு லட்சம் பேர் இறக்கிக்கொண்டார்கள். முணுமுணுப்பு தொடங்கியதும் அங்கேதான். ஏன் உலகத்தாரோடு சேர்கிறார், ஏன் ஒவ்வொரு பாட்டிலும் இயேசு பெயர் வரவில்லை? எண்ணிப் பார்த்தவர்களே இருந்தார்கள் போல. அதே ஆண்டு வந்த 'கிராவிட்டி' 2013இல் சிறந்த காஸ்பல் ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது. அந்தப் பிரிவில் அதற்கு முன் எந்த ஹிப்ஹாப் ஆல்பமும் வென்றதில்லை.

'அனாமலி' 2014இல் வந்தது. முதல் வாரம் 88,000 பிரதிகளுக்கு மேல் விற்று, எல்லா வகை ஆல்பங்களுக்குமான பில்போர்ட் 200 பட்டியலில் முதலிடம், காஸ்பல் பட்டியலிலும் முதலிடம். இரண்டிலும் ஒரே ஆல்பம் முதலில் நின்றது அதுதான் முதல் தடவை. ஜிம்மி ஃபாலனின் டிவி நிகழ்ச்சியில் 'தி ரூட்ஸ்' குழுவோடு உட்கார்ந்து பாடினார். சரி, இதெல்லாம் விக்கிப்பீடியா வேலை. எனக்கு முக்கியம் அந்த ஆல்பத்தில் உள்ள ஒரு பாட்டு. தான் நேசித்த பெண்ணின் கருவைக் கலைக்க வைத்ததையும், சிறுவயதில் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையையும் தன் கதையாகவே, மறைக்காமல் சொல்கிறார். முதல் தடவை கேட்டபோது பேருந்தில் இருந்தேன், காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டேன். சபை மேடையில் இதைச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? இன்னொரு பாட்டில் கறுப்பின இளைஞன், போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய், அமெரிக்காவுக்கு வர ஏங்குகிறவன் என்று மூன்று குரல்களை மாற்றி மாற்றி எடுக்கிறார். 'ரெபெல்' காலத்து லெக்ரேயால் இதை எழுதியிருக்க முடியாது. அப்போது அவருக்குத் தெரிந்தவை இரண்டே குரல்கள்: பிரசங்கியார், கேட்கிறவன்.

அப்புறம் வந்தது சோதனை. அமெரிக்காவின் ஃபெர்கூசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞரை 2014 ஆகஸ்டில் போலீஸ் சுட்டுக் கொன்றபோது லெக்ரே வாய் திறந்தார். 2016 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, பருத்திக்காட்டில் நிற்கும் அடிமைகளின் படத்தைப் போட்டு, 1776இன் ஜூலை 4இல் என் குடும்பம் இதுதான் என்று ட்வீட் செய்தார். அவ்வளவுதான். நேற்றுவரை 'சகோதரரே' என்றவர்கள், அரசியல் பேசாதே, சுவிசேஷத்தை மட்டும் பாடு என்றார்கள். அவர் கறுப்பர் என்பது ஆல்பம் அட்டையில் இருந்தவரை யாருக்கும் உறுத்தவில்லை, வாயில் வந்தபோதுதான் உறுத்தியது. 2017இல் ஒரு பாட்காஸ்ட்டில், வெள்ளையரின் சுவிசேஷச் சபைகள் (இவாஞ்சலிக்கல்) வட்டாரத்திலிருந்து தான் விலகிவிட்டதைச் சொன்னார். பைப்பர் கோபப்படாமல் ஒரு கட்டுரை எழுதினார், அது நியாயமானதும்கூட. மற்றவர்கள் அவ்வளவு நிதானமாக இல்லை.

அந்த நேரத்தில் கொலம்பியா இசை நிறுவனத்தோடு சேர்ந்து வெளியிட்ட 'ஆல் திங்ஸ் வொர்க் டுகெதர்' பற்றி எனக்கு அரைமனதுதான். தலைப்பு ரோமர் எட்டாம் அதிகாரத்து "சகலமும் நன்மைக்கு ஏதுவாக" என்ற வசனம். ஆனால் பாதிப் பாட்டுகள் ரேடியோவில் இடம் கேட்டுக் குழைகின்றன. 2018இல் ஸேடோவனோடு போட்ட 'லெட் த டிராப் சே ஆமென்' அப்படியில்லை. ஸேடோவன் ராப்பின் ஒரு வகையான அட்லாண்டாவின் டிராப் இசையை உருவாக்கியவர்களில் ஒருவர், அதே கையால் ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆர்கன் வாசிக்கிறவர். அவர் பீட்டில் லெக்ரே முதல் முறையாக அவசரமில்லாமல் பாடுகிறார். ஒரு சொல்லைப் போட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கிறார். இசையாக மட்டும் கேட்டால் அவருடைய ஆல்பங்களில் எனக்கு இதுதான் பிடித்தது. அடிக்க வராதீர்கள்.

அவரைப் புனிதராக்கவும் எனக்கு விருப்பமில்லை. 2020 ஜூனில் அட்லாண்டாவில் ஒரு மேடையில் போதகர் லூயி கிக்லியோ, வெள்ளையருக்குக் கிடைத்த சலுகையை 'வெள்ளையரின் ஆசீர்வாதம்' என்று சொல்லலாமே என்றபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் லெக்ரே. அந்த இடத்தில் மறுத்துச் சொல்லவில்லை. கிக்லியோ பிறகு மன்னிப்புக் கேட்டார், தனக்கும் அது ஒப்பவில்லை என்று லெக்ரே தனியாக வீடியோ போட்டார். அதே ஆண்டு வந்த 'ரெஸ்டொரேஷன்' ஆல்பத்தில் மனச்சோர்வைப் பற்றி அவ்வளவு திறந்து பாடியவர், அந்த மேடையில் ஏன் ஊமையானார் என்பது எனக்கு இன்னும் நெருடுகிறது.

2022இன் 'சர்ச் க்ளோத்ஸ் 4' ஆல்பத்தில், தன் விசுவாசம் எப்படி ஒவ்வொரு செங்கலாகச் சரிந்தது என்று ஒரு முழுப் பாட்டே இருக்கிறது. யாரிடம் ஏமாந்தார், எப்போது ஜெபிக்க முடியாமல் போனது, எல்லாம். திரும்பி வந்ததையும் சொல்கிறார், ஆனால் வெற்றிக் கொடி கட்டிக்கொண்டு அல்ல. 2024இல் அந்த ஆல்பம் கிராமி வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், ராப் உலகின் பெரிய பெயரான கென்ட்ரிக் லமார் வெளியிட்ட பாட்டு ஒன்றில், இந்த இடத்தில் லெக்ரே இருந்தால் என்ன செய்வார் என்று யோசிக்கிறார். சபைப் பையன்கள் மட்டும் கேட்கிற ராப்பரின் பெயர் அந்த வாயிலிருந்து வந்திருக்குமா?

தம்பி நேற்று எனக்குத் தனியாக மெசேஜ் போட்டிருந்தான்: "அக்கா, அந்த அண்ணன் சொன்னது நிஜமா? எதிலேர்ந்து கேட்க?" 'சர்ச் க்ளோத்ஸ் 4' லிங்க்கை அனுப்பினேன். கேட்டு முடித்ததும் 'ரெபெல்' கேள் என்றேன். அண்ணனுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு, ஆனால் அவரை டேக் செய்யவில்லை.