பக்காசுரன் மலையில் ஒரு சுவர்

"இதுக்காண்ணா இவ்ளோ தூரம் நடக்க வெச்சே?"

உச்சியில் மூச்சு வாங்க நின்றபடி, சென்னையிலிருந்து வந்திருந்த சித்தி பையன் கேட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கோட்டை என்றதும் செஞ்சியை நினைத்துக்கொண்டு வந்தவன். இங்கே மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடிந்த சுவர்.

குன்னூரில் இந்தப் பக்காசுரன் மலைக் கோட்டையை ட்ரூக் என்போம். கோட்டையைக் குறிக்கும் நம்ம 'துர்க்கம்' வெள்ளைக்காரன் வாயில் தேய்ந்து திரும்பி வந்த சொல். நான்சச் எஸ்டேட் பக்கம் வண்டியை விட்டுவிட்டு நடக்க வேண்டும். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, "கோட்டையா? அங்க காத்துதான் தம்பி இருக்கு. காட்டுமாடு நிக்கும், பாத்துப் போங்க" என்றார்.

மேலே காற்று நிஜமாகவே ஆளைத் தள்ளியது. சுமார் 6,000 அடி உயரம். மஞ்சு விலகிய ரெண்டு நிமிஷத்தில் கீழே மேட்டுப்பாளையம் சமவெளி மொத்தமும் தெரிந்தது. திப்புவின் ஆட்கள் ஏன் இந்த மூலையில் காவல் இருந்தார்கள் என்பதற்கு அதுக்கப்புறம் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கீழேயிருந்து எவன் கிளம்பினாலும் இங்கிருந்தே எண்ணிவிடலாம்.

எனக்கு எரிச்சல் வேறு விஷயத்தில். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் வந்து நீலகிரியைக் 'கண்டுபிடித்தாராம்'. ஊட்டி ஏரி அவர் வெட்டியதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் திப்பு செத்ததே 1799-ல். ஆளே வராத மலைக்கு எவனாவது காவல்கோட்டை வைப்பானா? அவ்வளவு ஏன், ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடர்களை மிரட்டி நீலமலையைப் பிடித்ததாக 1117-லேயே சாமராஜநகரில் கல்வெட்டு வைத்துவிட்டார்கள். எழுநூறு வருஷம் கழித்து வந்தவருக்குக் கண்டுபிடித்த பட்டம்! தோடரும் கோத்தரும் படகரும் அதுவரை என்ன, ஒளிந்தா இருந்தார்கள்?

சுவரைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். கல் இடுக்கெல்லாம் பாசி, பெரணி. ஒரு கல்லில் மட்டும் பாசியைச் சுரண்டி, சாவியாலோ எதாலோ இதயம் கீறி ரெண்டு எழுத்து. கீறல் வெளுப்புகூட மாறவில்லை. இருப்பதே ஒரு சுவர், அதிலுமா?

எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டு முடித்து இறங்கினோம். அதே அக்கா, "பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தோம்க்கா. காத்துதான்" என்றான் தம்பி. சாக்ஸைக் கழற்றியபோதுதான் கத்தினான். உள்ளே ரெண்டு அட்டை.