5 வயதோடு மூளை வளர்ச்சி முடிந்துவிடாது

"மூளை நரம்பிழைகளுக்கு மையலின் உறை உருவாவது 5 வயதோடு முடிந்துவிடும், பிறகு எதையும் புதிதாகக் கற்க முடியாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. மையலின் உறை என்பது நரம்பிழையைச் சுற்றியிருக்கும் கொழுப்புப் படலம், சமிக்ஞைகள் வேகமாகச் செல்ல உதவுவது.

எல்லா இழைகளும் ஒரே சமயத்தில் உறை பெறுவதில்லை. தொடு உணர்வு, பார்வை, கைகால் அசைவுக்கான பாதைகள் முந்திக்கொள்கின்றன. பெரும்பகுதி முதல் 2 ஆண்டுகளிலேயே நடந்துவிடுகிறது. செய்தி எழுதியவர் இதை மட்டும் எங்கோ படித்திருப்பார் போல. திட்டமிடல், நிதானம் இவற்றோடு தொடர்புடைய, மூளையின் முன்பகுதியிலுள்ள இழைகள் மெதுவானவை, 20 வயதைத் தாண்டியும் அவற்றுக்கு உறை வளர்கிறது. சில மெல்லிய இழைகள் கடைசிவரை உறையே இல்லாமல் வேலை செய்கின்றன. அது கோளாறும் அல்ல.

யாகோவ்லெவ், லெகூர் என்ற மூளை ஆய்வாளர்கள் இருவரும் 1967-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வரிசை இருக்கிறது. நரம்பு உடற்கூறியல் பாடநூல்களிலும் சரிபார்க்கலாம். அப்புறம், பெரியவர்கள் புதிய திறன் பழகும்போதும் மையலின் மாறுகிறது. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.